12-ஆம் சேனலில் வந்தது யூரியாவா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒரு லேபிலிருந்து தப்பான எண்களோடு ரிப்போர்ட் போன இந்தக் கதையில் மெஷின்காரர்கள் தப்பு கொஞ்சம், லேப் தப்பு கொஞ்சம், என் தப்பு நிறைய. இரண்டு சிஸ்டத்தை இணைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. "கனெக்ட் ஆயிடுச்சு சார், டேட்டா வருது" என்று சொல்லிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு காட்பாடிக்கு பஸ் ஏறுகிற ஆள். லேப் பெயர், மெஷின் கம்பெனி, டயாலிசிஸ் சென்டர் எதையும் இங்கே எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் முழுசாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே அமைப்பு ஆம்பூரிலும் இருக்கும், ஆரணியிலும் இருக்கும், அங்கேயும் என்னைப் போல ஒருவன் டேட்டா வருது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான்.

இடம் வேலூர், தோட்டப்பாளையம் பக்கம். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு என்று லாட்ஜ்கள் நெருக்கியடிக்கும் பகுதியிலிருந்து நடந்து போகிற தூரம். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவமனையை நம்பி இன்றைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து வாரக்கணக்கில் தங்குகிற ஊர், அதனால் கடைப் பலகையில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்தும் இருக்கும், லேப் கவுன்ட்டரில் இருக்கிற பெண் மூன்று மொழியில் "வெறும் வயிறா?" என்று கேட்பாள். நான் சொல்லும் லேப் தனியார் லேப், நடுத்தர அளவு. பயோகெமிஸ்ட்ரிக்கு ஒரு பெரிய மெஷின், ஒரு சின்ன மெஷின். காலை முதல் மாலை நாலு மணி வரை பெரியது ஓடும். அப்புறம் கூட்டம் குறைந்ததும் அதைக் கழுவி மூடிவிட்டு, வருகிற நாலைந்து சாம்பிளைச் சின்னதில் போடுவார்கள்.

இரண்டு மெஷினும் லேப் சாஃப்ட்வேரோடு பேச நடுவில் ஒரு நிரல் ஓடுகிறது. அது நான் எழுதியது. சின்ன மெஷின் பழைய 9 பின் சீரியல் கேபிளில், லேப் மெஷின்களுக்கான ஏ.எஸ்.டி.எம். என்ற தர வடிவத்தில் ஒவ்வொரு ரிசல்ட்டையும் ஒரு வரியாக அனுப்பும். வரியில் செங்குத்துக் கோடு போட்டுப் பிரித்திருக்கும்: மூன்றாவது கட்டத்தில் எந்த டெஸ்ட், நாலாவதில் மதிப்பு, ஐந்தாவதில் அலகு. நான் மூன்றையும் நாலையும் எடுத்துக்கொண்டேன். ஐந்தை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்றால், லேப் சாஃப்ட்வேரின் டெஸ்ட் மாஸ்டர் என்ற பட்டியலில் ஒவ்வொரு டெஸ்டுக்கும் அலகு ஏற்கெனவே பதிந்திருக்கிறது, ரிப்போர்ட் அச்சடிக்கும்போது அதுவே போட்டுக்கொள்ளும், எதற்கு இரண்டு தடவை என்று நினைத்தேன். சோம்பேறித்தனத்துக்கு நாம் வைத்துக்கொள்ளும் பெயர்களில் "எளிமை"யும் ஒன்று.

7.8

ஒரு நாள் மதியம் சின்ன மெஷினின் ஹார்ட் டிஸ்க் போய், சர்வீஸ் இன்ஜினியர் வந்து மாற்றி, மென்பொருளை மறுபடி ஏற்றிவிட்டுப் போனார். கேலிப்ரேஷன் பண்ணினார், எல்லாம் பச்சை விளக்கு. ஆனால் இந்த மெஷினை முதல் முதலில் நிறுவியபோது யாரோ பொறுமையாக உட்கார்ந்து இந்தியாவுக்கு ஏற்ற மாதிரி ஒவ்வொரு டெஸ்டுக்கும் அலகு மாற்றி வைத்திருந்தது எல்லாம் அந்தப் பழைய டிஸ்க்கோடு போய்விட்டது. கம்பெனியிலிருந்து வரும்போது இருந்த நிலைக்கு அது திரும்பிவிட்டது.

இரவு எட்டரை. ஷிப்டில் இருந்த டெக்னீஷியன் பெண்ணின் திரையில் சிவப்பு அலாரம்: ரத்தச் சர்க்கரை 7.8 மில்லிகிராம்/டெசிலிட்டர். அந்த லேபில் 50-க்குக் கீழே போனாலே உடனே நோயாளியைக் கூப்பிட வேண்டும் என்பது விதி, 7.8 என்றால் ஆள் நினைவோடு இருக்கவே வாய்ப்பில்லை. பாவம், கை நடுங்க பதிவேட்டில் இருந்த நம்பருக்கு அடித்திருக்கிறாள். பாபு ராவ் தெருவில் ஒரு லாட்ஜ். பங்களாதேஷிலிருந்து வந்த பெரியவர். எடுத்தது அவர் மகன். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், சோறும் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்கிறான். சுகர் ரொம்ப குறைச்சலா இருக்கு, 7.8தான் இருக்கு என்று இவள் தனக்குத் தெரிந்த இந்தியில் பதறுகிறாள். அவனோ சந்தோஷப்படுகிறான். "7.8-ஆ? நல்லதாச்சே, ஊர்ல போன மாசம் 9.2 இருந்துச்சே."

பிழையைக் கண்டுபிடித்தது அவன்தான், அவனுக்கே தெரியாது. பங்களாதேஷில் சர்க்கரையை மில்லிமோல்/லிட்டரில் சொல்வார்கள். நம்மிடம் மில்லிகிராம். குளுக்கோஸின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 180 என்பதால் அவர்கள் எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம்முடையது வரும். 7.8-ஐப் பெருக்கினால் 140, சாப்பிட்ட பிறகு எடுத்த ரத்தத்துக்கு ஒன்றும் மோசமில்லை. மெஷின் ஐந்தாவது கட்டத்தில் "மில்லிமோல்" என்று ஒழுங்காக எழுதித்தான் அனுப்பியிருந்தது. நான்தான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, லேப் சாஃப்ட்வேர் தன் வழக்கப்படி "மில்லிகிராம்" என்று போட்டுக்கொள்ள விட்டிருந்தேன். மெஷின் உண்மை சொன்னது, ரிப்போர்ட் பொய் சொன்னது, நடுவில் இருந்தது நான்.

மறுநாள் காலை மூன்று வேலை நடந்தது. லேப் ஓனர் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். சர்வீஸ் இன்ஜினியர் போனிலேயே வழி சொல்லி மெஷினின் அலகு அமைப்பை மாற்ற வைத்தார். அதில் இரண்டே தேர்வுதான், ஒன்று மில்லிமோல் வகை, இன்னொன்று "கன்வென்ஷனல்". இரண்டாவதை அழுத்தியதும் சர்க்கரை மில்லிகிராமுக்கு வந்துவிட்டது, ஐந்து நிமிஷம். நான் என் நிரலில் அலகுச் சோதனை எழுதினேன்: ஐந்தாவது கட்டத்தில் வரும் அலகும் டெஸ்ட் மாஸ்டரில் உள்ள அலகும் ஒன்றாக இல்லாவிட்டால் ரிசல்ட் உள்ளே போகாது. நல்ல வேலை, சரியான வேலை என்றே நினைத்தேன், அதற்குத் தனியாக பில்லும் போட்டேன்.

இரண்டாவது விபத்து அந்த ஐந்து நிமிஷத்தில்தான் பிறந்தது.

மாடல் என்றால்

கொஞ்சம் விலகிப் போகிறேன், காரணம் இருக்கிறது. அந்த லேப் ஓனருக்கு ரிப்போர்ட்டுகளை ஆபா எண்ணோடு இணைக்க வேண்டும் என்று ஆசை. 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் கொடுக்கிற 14 இலக்க எண் அது. இணைத்தால் நோயாளி தன் செல்போனிலேயே ரிப்போர்ட்டைப் பார்க்கலாம், வேறு ஊர் டாக்டருக்கும் அனுப்பலாம். அதற்கு ரிப்போர்ட், மருத்துவத் தகவலை அனுப்புவதற்கான ஃபயர் என்ற தரத்தில் போக வேண்டும், ஒவ்வொரு டெஸ்டுக்கும் பொதுவான குறியீடு வேண்டும். அந்த வேலைக்காக நான் ஏற்கெனவே ஒரு அட்டவணை போட ஆரம்பித்திருந்தேன்.

அதை மாடல் என்று சொன்னால் ஓனர் "ஏ.ஐ.-யா தம்பி?" என்றார். இல்லை. இது அதற்கெல்லாம் முந்தைய சமாச்சாரம். 1989-இல் தொடங்கிய ஓ.எம்.ஜி. என்ற மென்பொருள் தரக் கூட்டமைப்பு 1997-இல் யூ.எம்.எல். வரைபட மொழியைத் தரமாக ஏற்றது, 2001-இல் மாடல் சார்ந்த கட்டமைப்பு என்று ஒரு கொள்கையை முன்வைத்தது. கொள்கை எளிமையானது. எந்த மெஷின், எந்த மொழி, எந்தக் கேபிள் என்ற பேச்செல்லாம் அப்புறம். முதலில் விஷயம் என்ன, அதன் பாகங்கள் என்ன, எது எதோடு எப்படிச் சேரும் என்று தளம் சாராத ஒரு மாடல் எழுது. அதிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் உரியதை வருவித்துக்கொள். தளம் மாறினாலும் பொருள் மாறாது.

கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் நான் பட்டது வேறு. சென்னையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு கருவியில் வரைந்த யூ.எம்.எல். மாடலை எக்ஸ்.எம்.ஐ. கோப்பாக ஏற்றுமதி செய்து இன்னொரு கருவியில் திறந்தோம். மாடலின் பாகங்களான வகுப்புகள் வந்தன, பெயர்கள் வந்தன, படம் வரவில்லை. வந்த உறவுகளில் சில தலைகீழாக நின்றன. ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாடலைக் கொண்டுபோகத்தான் அந்தத் தரமே, அதைப் படிப்பதில் இரண்டு கருவிக்கும் ஒற்றுமை இல்லை. அன்றிலிருந்து எனக்கு மாடல் என்றால் சுவரில் ஒட்டும் படம் என்ற எண்ணம்தான்.

மருத்துவத் தரங்களிலும் இதே பாடு நடந்திருக்கிறது. மருத்துவ சாஃப்ட்வேர்கள் ஒன்றோடொன்று பேசத் தரம் வகுக்கும் எச்.எல்.7 என்ற அமைப்பு 1987-இல் தொடங்கியது. அந்த 7, நெட்வொர்க் அடுக்குகளில் ஏழாவதைக் குறிப்பது. அதன் 2-ஆம் பதிப்பு செங்குத்துக் கோடு போட்ட வரிகள், இன்றைக்கும் வேலூர் லேப்களில் ஓடுவது அதுதான். அதில் இடம் உண்டு, பொருள் தளர்வு. ஒவ்வொருவரும் தன் சௌகரியப்படி நிரப்புவார்கள். இதைச் சரிசெய்ய 3-ஆம் பதிப்பில் எல்லாவற்றையும் ஒரே பெரிய மாடலிலிருந்து வருவிக்கிறோம் என்று இறங்கினார்கள். செயல், பொருள், பாத்திரம், பங்கேற்பு என்று உலகத்தையே அந்தச் சில வகுப்புக்குள் அடக்கினார்கள். தத்துவமாகப் பார்த்தால் அழகு. ஆனால் ஒரு ஹீமோகுளோபின் அளவை அனுப்ப ஒரு புரோகிராமர் எத்தனை பக்கம் படிக்க வேண்டியிருந்தது என்று கணக்குப் பார்த்தால், அது ஏன் பரவவில்லை என்று புரியும். 2011-இல் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் கிரீவ் முன்வைத்த யோசனையிலிருந்து ஃபயர் வந்தது, அது பெரிய மாடலைக் கைவிட்டு, நோயாளி, அளவீடு, ரிப்போர்ட் என்று கைக்கு அடங்கும் துண்டுகளாக்கியது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், அந்தத் துண்டின் வரையறையே கம்ப்யூட்டர் படிக்கும் கோப்பு. விளக்கப் பக்கமும் சரிபார்க்கும் நிரலும் அதிலிருந்தே வருகின்றன. சுவரில் ஒட்டும் படமாக இல்லாமல், வாசலில் நின்று சீட்டுக் கேட்கும் மாடல்.

டெஸ்டுகளின் பொதுக் குறியீட்டுக்கு லாயின்க் என்ற தரம். 1994-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் உள்ள ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்தில் தொடங்கியது. வெறும் எண் பட்டியல் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு குறியீட்டுக்கும் பின்னால் ஆறு அச்சு உண்டு: எந்தப் பொருளை அளக்கிறோம், அளவின் தன்மை என்ன, எந்த நேரத்துக்குரியது, எந்த மாதிரியில், என்ன வகை அளவுகோல், என்ன முறை. சீரத்தில் குளுக்கோஸ், எடைக்கணக்கு என்றால் 2345-7. அதே குளுக்கோஸ் மோல்கணக்கு என்றால் 14749-6. பாபு ராவ் தெரு விபத்து இரண்டாவது அச்சில் நடந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அலகுகளை எழுதவும் ஒரு தரம் உண்டு, யூ.சி.யூ.எம்., வேகமாகச் சொன்னால் "யூகம்" என்றே காதில் விழும். யூகிக்க வேண்டாம் என்பதற்காக வந்ததற்கு இப்படி ஒரு பெயர்.

பெயர் ஒன்றாக இருந்து பொருள் மாறுவது வட ஆற்காட்டுக்காரர்களுக்குப் புதுசும் இல்லை. அந்த லேப் சாஃப்ட்வேரின் முகவரிப் பட்டியலில் "வட ஆற்காடு", "வேலூர்", "இராணிப்பேட்டை" மூன்றும் தனித்தனி மாவட்டமாக நிற்கின்றன. ஆற்காட்டிலிருந்து வரும் தாத்தா முதலாவதைச் சொல்வார், அவர் மகன் இரண்டாவதை, பேரன் மூன்றாவதை. மூவரும் ஒரே வீடு. அதைவிட மோசம் "வேலூர்" என்ற பெயரே. 2019-இல் இராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்ததற்கு முந்தைய வேலூர் மாவட்டமும் பிந்தையதும் எழுத்தில் ஒன்று, நிலத்தில் வேறு. எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஓனர் ஒரு வரைபடம் போட்டுப் பார்த்து, வேலூர்க்காரர்கள் திடீரென்று நம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்று கவலைப்பட்டார்.

சரி. அட்டவணைக்கு வருகிறேன். ஒவ்வொரு மெஷினின் ஒவ்வொரு சேனலுக்கும், அதாவது ஒவ்வொரு டெஸ்டுக்கும் லேப் வைத்த எண்ணுக்கும், ஆறு அச்சையும் நிரப்பிக்கொண்டே போனேன். சின்ன மெஷின் 12-ஆம் சேனல் வந்தது. "அக்கா, 12 யூரியாதானே?" என்று பயோகெமிஸ்ட் அக்காவைக் கேட்டேன். "பின்ன என்ன, யூரியாதான்" என்றார். யூரியாவின் லாயின்க் குறியீடான 3091-6-ஐ எழுதிவிட்டு 13-க்குப் போனேன். நானும் மெஷின் திரையைப் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. மாடலிலேயே ஒரு யூகத்தை எழுதி வைத்தோம்.

மதிய ஷிப்ட்

சர்க்கரை விபத்துக்குப் பிறகு 19-ஆம் நாள் டயாலிசிஸ் சென்டரிலிருந்து போன். அவர்களுக்கு இந்த லேபிலிருந்து ரிசல்ட் எச்.எல்.7 வழியாக நேராக அவர்கள் சாஃப்ட்வேருக்கே போகும், அதுவும் என் கைங்கரியம்தான். இந்தியாவில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-இல் நடந்தது இந்த ஊரில் என்பார்கள், அதனால் சிறுநீரகக்காரர்கள் இங்கே அதிகம், டாக்டர்களும் விவரமானவர்கள். போனில் வந்த டாக்டரம்மா என்னிடம் நேராகக் கேட்டது இது: "மத்தியான ஷிப்ட் பேஷன்ட்டுக்கு மட்டும் எல்லாருக்கும் 80 வருதே, காலை ஷிப்ட்ல 65-ஐத் தாண்டவே திணறுது. அதே டயாலிசிஸ் மெஷின், அதே டெக்னீஷியன், அதே நாலு மணி நேரம். உங்க சாஃப்ட்வேர் மத்தியானத்துல ஏதாவது சாப்பிடுதா?"

அவர் சொன்ன எண் யூரியா குறைப்பு விகிதம், அதாவது ரத்தத்தில் சேர்ந்த கழிவான யூரியாவை டயாலிசிஸ் எத்தனை சதவீதம் குறைத்தது என்பது. டயாலிசிஸுக்கு முன் எடுத்த யூரியாவிலிருந்து பின் எடுத்ததைக் கழித்து, முன்னதால் வகுத்து, 100-ஆல் பெருக்குவது. 65-க்குக் குறையக்கூடாது என்பது பொதுவான அளவுகோல். மாதம் ஒரு தடவை எல்லோருக்கும் பார்ப்பார்கள், அந்த மாதச் சுற்று இந்த 19 நாளுக்குள் விழுந்திருந்தது.

காலை ஷிப்டுக்காரர்களின் முன்-பின் இரண்டு சாம்பிளும் நாலு மணிக்குள் லேபுக்கு வந்துவிடும், இரண்டும் பெரிய மெஷினில் ஓடும். மதிய ஷிப்டில் முன் சாம்பிள் 12 மணிக்கு, பெரிய மெஷின். பின் சாம்பிள் நாலரைக்கு வரும், அப்போது பெரியது மூடியிருக்கும், சின்னது.

நான் பைக்கை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். பயோகெமிஸ்ட் அக்காவும் நானும் சின்ன மெஷினின் திரையில் 12-ஆம் சேனலின் அமைப்பைத் திறந்தோம். அங்கே எழுதியிருந்தது யூரியா இல்லை. பி.யு.என்., அதாவது யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும்.

அமெரிக்காவில் யூரியாவை அப்படித்தான் சொல்வது வழக்கம். யூரியா மூலக்கூறின் எடை 60, அதற்குள் இருக்கும் இரண்டு நைட்ரஜனின் எடை 28. அதே ரத்தம், அதே வினை, கடைசியில் எந்த எடையில் சொல்கிறோம் என்பதுதான் வித்தியாசம். யூரியா என்றால் எண் பெரிசு, நைட்ரஜன் என்றால் அதை 2.14-ஆல் வகுத்தது. இரண்டுக்கும் அலகு ஒன்றே, மில்லிகிராம்/டெசிலிட்டர். "கன்வென்ஷனல்" என்ற அந்தப் பொத்தான் அமெரிக்க வழக்கத்தின் தொகுப்பு. சர்க்கரைக்கு அது நம் வழக்கத்தோடு ஒத்துப் போகிறது. யூரியாவுக்கு ஒத்துப் போகாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். முன் யூரியா 140, பின் யூரியா 56 என்றால் உண்மையான குறைப்பு 60 சதவீதம், போதாது, நேரத்தைக் கூட்ட வேண்டும். பின் சாம்பிளை நைட்ரஜன் கணக்கில் சொன்னால் 56 என்பது 26 ஆகிவிடும். குறைப்பு 81 சதவீதம், பிரமாதம். போதாத டயாலிசிஸ் பிரமாதமான டயாலிசிஸாகத் தெரியும். நாலு மணி நேரம் உட்கார முடியாமல் அரை மணியாவது குறைங்க டாக்டர் என்று கெஞ்சுகிறவர்கள் மதிய ஷிப்டில் நிறைய உண்டு. டாக்டரம்மா குறைக்கவில்லை, எண் மேல் சந்தேகப்பட்டார். எண்கள் ரொம்ப நல்லதாக இருந்ததால் வந்த சந்தேகம் அது; நாங்களோ இத்தனை நாள் மோசமான எண்ணுக்குத்தான் அலாரம் வைத்திருந்தோம்.

என் அலகுச் சோதனை 19 நாளும் ஒழுங்காக வேலை செய்தது. மில்லிகிராம் வந்ததா, வந்தது, உள்ளே போ. அளவு தெரிந்த சீரத்தை ஓட்டி மெஷினைச் சோதிக்கும் தினசரி கன்ட்ரோல் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று லேப்காரர்கள் கேட்பார்கள். நாங்களும் கேட்டோம். கன்ட்ரோல் சீரத்தோடு வரும் தாளில் யூரியாவுக்கு ஒரு இலக்கு, பி.யு.என்.-க்கு ஒரு இலக்கு என்று இரண்டுமே இருக்கும்; மெஷின் தன் புதிய அமைப்புக்கு ஏற்ப இரண்டாவதை எடுத்துக்கொண்டு தனக்குத் தானே பாஸ் போட்டுக்கொண்டது. முந்தைய ரிசல்ட்டோடு ஒப்பிட்டு எச்சரிக்கும் சோதனை லேப் சாஃப்ட்வேரில் இருக்கிறது, ஆனால் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதை அணைத்து வைத்திருந்தார்கள், அவர்களுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் யூரியா இறங்குமே. மெஷின் அனுப்பும் வரியிலும் துப்பு இல்லை. டெஸ்ட் கட்டத்தில் வெறும் 12 என்று போகும், அந்த எண் லேபே வைத்தது, உள்ளே இருப்பது மாறினாலும் எண் மாறாது. ஒவ்வொரு காவல்காரனும் தன் வாசலை ஒழுங்காகத்தான் காத்தான்.

லாயின்க் மொழியில் சொன்னால் இது முதல் அச்சு. எடைக்கணக்கில் யூரியா 3091-6, யூரியா நைட்ரஜன் 3094-0. இரண்டுக்கும் தன்மை, நேரம், மாதிரி, அளவுகோல் எல்லாம் ஒன்று, அளக்கும் பொருள் மட்டும் வேறு. ஓனரின் அம்மா கல்லாவில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க காலத்துல பட்டணம் படி ஒண்ணு, ஊர்ப்படி ஒண்ணு. ரெண்டுக்கும் பேரு படிதான். அரிசி வாங்கப் போறவ எந்தப் படின்னு கேக்காம காசு குடுக்க மாட்டா" என்றார். அத்தனை தரங்களையும் படித்த நான் அந்தக் கேள்வியை மெஷினிடம் கேட்கவில்லை.

திருத்தம்

முதல் வேலை பழைய ரிப்போர்ட்டுகள். ஒரு நல்ல காரியம் செய்திருந்தேன்: மெஷின் அனுப்பிய ஒவ்வொரு வரியையும் தொடாமல் அப்படியே ஒரு கோப்பில் சேமித்து வந்தேன். அதனால் அந்த 19 நாளில் சின்ன மெஷினின் 12-ஆம் சேனலிலிருந்து வந்த எல்லாவற்றையும் பிரித்தெடுக்க முடிந்தது. டயாலிசிஸ்காரர்களுக்குத் திருத்திய எண்ணை அன்றே அனுப்பினோம். எங்களைத் தூங்கவிடாதது மற்றவர்கள்தான். யூரியா 60 இருக்கிற ஒருவருக்கு 28 என்று போயிருக்கும், 15 முதல் 40 வரை சரி என்று அச்சடித்த தாளில் 28-ஐப் பார்த்தால் யார் கவலைப்படுவார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இன்னொரு டெஸ்டான கிரியேட்டினினும் சேர்த்து எடுத்தவர்களுக்கு அது காட்டிக்கொடுத்திருக்கும், யூரியா மட்டும் எடுத்தவர்களுக்கு வழியில்லை. ஓனர் ஒருவர் ஒருவராகப் போன் பண்ணினார். ஒருவர் ஜார்க்கண்டுக்கே திரும்பிப் போயிருந்தார். அவருக்கு இந்தியில் விளக்க முடியாமல், அன்று பாபு ராவ் தெருவுக்குப் போன் போட்ட அதே டெக்னீஷியன் பெண்ணிடம் போனைக் கொடுத்தார். அவள் இந்தத் தடவை நிதானமாகப் பேசினாள்.

அப்புறம் அட்டவணை. இப்போது அது வெறும் அட்டவணை இல்லை. என் நிரலில் மெஷின் வரியைப் படிக்கும் பகுதி, டயாலிசிஸ் சென்டருக்குப் போகும் எச்.எல்.7 வரி, ஆபாவுக்குப் போகும் ஃபயர் துண்டு, மூன்றும் அந்த ஒரு கோப்பிலிருந்தே உருவாகின்றன. கையால் எங்கேயும் டெஸ்ட் பெயரோ அலகோ எழுதுவதில்லை. 2001-இல் சொன்ன கொள்கையை நாட்டு வைத்தியமாகச் செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்.எம்.ஐ. இல்லை, யூ.எம்.எல். இல்லை, ஒரு விரிதாளும் அதைப் படிக்கும் இருநூறு வரி நிரலும்.

ஆனால் அந்தக் கோப்பு இந்த விபத்தைத் தடுத்திருக்காது, இதை மறைத்துப் பேசினால் நான் மறுபடி "டேட்டா வருது" ஆளாகிவிடுவேன். கோப்பில் 3091-6 என்றுதான் இருந்தது, அது தப்பு. இன்ஜினியர் மெஷினுக்குள் ஒரு பொத்தானை மாற்றினால் அது எந்தக் கம்பி வழியாகவும் வெளியே வராது. அதனால் ஒவ்வொரு வரிசையிலும் இன்னும் இரண்டு கட்டம் சேர்த்தோம்: இதை மெஷின் திரையில் கண்ணால் பார்த்தது யார், எந்தத் தேதி. அந்தத் தேதி கடைசி சர்வீஸ் தேதிக்கு முந்தையதாக இருந்தால் அந்த மெஷினின் ரிசல்ட் எதையும் நிரல் உள்ளே விடாது. திறக்க வேண்டும் என்றால் ஒரே சீரத்தைப் பெரிய மெஷினிலும் சின்ன மெஷினிலும் ஓட்டி, எல்லா டெஸ்டும் ஒன்றோடொன்று ஒத்துப் போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் மாதம் எல்லோரும் முனகினார்கள். சர்வீஸ் இன்ஜினியர் "எங்க மெஷினை நம்ப மாட்டீங்களா சார்" என்று வருத்தப்பட்டார். மூன்றாவது தடவை அவரே, கையெழுத்துப் போடுங்க, நான் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும் என்று சீரத்தை எடுத்துக் கொடுக்கிறார்.

ஒரே ஒரு பாக்கி இருக்கிறது. டயாலிசிஸ் சென்டரின் சாஃப்ட்வேர் வெளிநாட்டு வார்ப்பில் செய்தது. நாங்கள் யூரியா என்று குறியீட்டோடு அனுப்பினாலும் அது குறியீட்டைப் பார்க்காமல், தன் திரையிலும் தாளிலும் "பி.யு.என்." என்ற தலைப்பின் கீழ் அந்த எண்ணைப் போடுகிறது. மாற்றச் சொல்லி எழுதினோம், அடுத்த பதிப்பில் வரும் என்றார்கள். அது வரும்வரை அங்கே உள்ள நர்ஸ் ஒவ்வொரு தாளிலும் அந்தத் தலைப்பை நீலப் பேனாவால் அடித்துவிட்டு மேலே தமிழில் "யூரியா" என்று எழுதுகிறார்.